ஹாலிஎலயிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

(உயர்தரக் கலைப்பிரிவு மாணவி, ஹாலிஎல)

எங்கள் ஊரிலிருந்து யாராவது உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்பட்டால், அந்த வீட்டுக்கு ஸலாம் சொல்லப் போகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் திரும்ப மாட்டார்கள். “ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலம்?” என்பதுதான் அது. முன்பு போய் வந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் பதில் ஆளுக்கொன்றாக வரும். ஒருவர் மூன்றரை மணித்தியாலம் என்பார். இன்னொருவர் ஆறு என்பார். வயதான ஒரு மாமி, “எங்கட வீட்டு வாசல்ல இருந்து கணக்குப் பார்த்தா முழுசா ஒரு நாள் மகள்” என்பார். மூவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் பயணச் சீட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்தவர். இரண்டாமவர் விமானத்தில் இருந்த நேரத்தைச் சொல்பவர். மாமியோ ஹாலிஎலச் சந்தியில் வேனில் ஏறியதிலிருந்து எண்ணுகிறார்.

உயர்தரத்தில் புவியியலைப் பாடமாக எடுத்திருப்பதால் வீட்டில் இந்தக் கணக்குகள் என் தலையில் விழுவது வழக்கம். அவற்றை ஒழுங்காக விளக்கினால் மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன். ஒரு தேசப்படப் புத்தகம், ஒரு பென்சில், கையடக்கத் தொலைபேசியில் உள்ள கணிப்பான், இவை மூன்றும் இருந்தால் போதும்.

முதலில் நேர்கோட்டுத் தூரத்தைப் பார்ப்போம். காகம் பறக்கும் தூரம் என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான். பூமியில் ஓர் அகலக்கோட்டுப் பாகைக்கும் அடுத்ததற்கும் இடையில் எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நெடுங்கோட்டுப் பாகைகள் அப்படியல்ல. மத்திய கோட்டில் அகன்றிருந்து முனைவுகளை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். ஆனால் நாம் மத்திய கோட்டுக்கு அருகில், ஏழாம் பாகையில் இருப்பதால் நமக்கு ஒரு நெடுங்கோட்டுப் பாகை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பும் பதுளையும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. கொழும்பின் நெடுங்கோடு கிழக்கு 79.85 பாகை, பதுளையினுடையது 81.05. வித்தியாசம் 1.2 பாகை. 110ஆல் பெருக்கினால் 132 கிலோமீட்டர்.

நம்பக் கஷ்டமாக இருக்கிறதல்லவா? கொழும்பு நம்மிடமிருந்து 132 கிலோமீட்டர்தான். அந்த 132ஐக் கடக்க பஸ் பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர் ஓடுகிறது. புகையிரதம் 292 கிலோமீட்டர் ஓடுகிறது. பஸ்ஸுக்கு ஏழு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். புகையிரதத்துக்கு ஒன்பதரை, பத்து. 132ஐப் பத்தால் வகுத்துப் பாருங்கள். காகத்தின் கணக்கில் மணித்தியாலத்துக்கு 13 கிலோமீட்டர். அது ஒரு சைக்கிளின் வேகம்.

இதற்காகப் புகையிரதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது ஏன் வளைகிறது என்று தெரிந்த பிறகு இன்னும் வராது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். செங்குத்தான ஏற்றத்தில் இயந்திரத்தால் பெட்டிகளை இழுக்க முடியாது. அதனால் மலைநாட்டுப் பாதையை அமைத்தவர்கள் ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது. இந்த ஒரே விதியை நம் பக்கத்தில் பொருத்திப் பார்க்கலாம். எல்ல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை நிலையம் சுமார் 652 மீற்றர். வித்தியாசம் 389 மீற்றர். அதை 44ஆல் பெருக்கினால் 17 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதாவது எல்லையிலிருந்து பதுளைக்கு எந்தப் பெரிய பொறியியலாளர் வந்தாலும் 17 கிலோமீட்டருக்குக் குறைவாகத் தண்டவாளம் போட முடியாது. காகத்துக்கோ அது 12 கிலோமீட்டர்தான். உண்மையில் போட்டிருக்கும் பாதை சுமார் 21. மலை கேட்ட விலை அது.

தெமோதரையில் அந்த விலையைக் கொடுத்த விதம்தான் எல்லோரும் படம் பிடிக்கும் வளைவு. பாதை நிலையத்தைத் தாண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து எங்கள் ஊரை நோக்கி இறங்குகிறது. ஒரு தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, தலைப்பாகைத் துணியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. நீளமான ஒன்றைச் சிறிய இடத்துக்குள் அடக்க வேண்டுமானால் சுற்றத்தான் வேண்டும். பண்டாரவளைக்கு 1894இல் வந்த புகையிரதம் பதுளையை வந்தடைந்தது 1924இல். முப்பத்து மூன்று கிலோமீட்டர் அளவான பாதைக்கு முப்பது வருடம்!

இனி ஜித்தாவுக்கு வருவோம். விமானத்துக்கு மலை இல்லை. பேதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீற்றர். பெரிய விமானங்கள் 10,000 மீற்றருக்கு மேலே பறக்கின்றன. ஆகவே காகத்தின் தூரத்தை ஓரளவுக்கு அப்படியே பின்பற்றக் கூடியது விமானம் மட்டுமே. “ஓரளவுக்கு” என்று நான் சொல்வதற்குக் காரணம், ஆகாயத்திலும் பாதைகள் உண்டு. எந்த நாட்டுக்கு மேலே எந்த உயரத்தில் போகலாம் என்ற அனுமதி உண்டு. யுத்தம் நடக்கும் இடத்தைச் சுற்றிப் போக வேண்டும். 2022இல் ரஷ்யாவின் வான்பரப்பு ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணித்தியாலம் அளவில் இருந்த பறப்பு ஏறத்தாழப் பதின்மூன்று மணித்தியாலமாகிவிட்டது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு நேர்த்தூரம் சுமார் 4,650 கிலோமீட்டர். இதை நான் முதலில் தேசப்படத்தில் பார்த்த முறையிலேயே கணக்கிட்டேன். வடக்குத் தெற்காக எத்தனை பாகை, கிழக்கு மேற்காக எத்தனை பாகை என்று எடுத்து, கிலோமீட்டராக்கி, பைதகரஸ் தேற்றத்தில் போட்டால் 4,675 வருகிறது. இருபத்தைந்து கிலோமீட்டர்தான் கூட. பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் இதே முறையில் லண்டனுக்குக் கணக்குப் போட்டால் 9,200க்கு மேல் வருகிறது. உண்மையான தூரமோ சுமார் 8,700. ஐந்நூறு கிலோமீட்டர் எங்கே போனது?

பூமி உருண்டை என்பதில்தான் போனது. தட்டையான படத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினால் அது குறுகிய வழி போலத் தெரியும். கோளத்தின் மேல் அப்படியல்ல. உங்கள் வகுப்பறையிலோ நூலகத்திலோ ஒரு பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து லண்டனில் ஒரு முனையையும் கொழும்பில் மறு முனையையும் பிடித்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே நகர்ந்து குறுகிய வழியைக் காட்டும். அந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். லண்டனிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் அந்த நூல் நாம் நினைப்பது போலத் தென்கிழக்காகப் போகாது. ஏறத்தாழ நேர் கிழக்காக ஜேர்மனியை நோக்கிப் புறப்பட்டு, பிறகுதான் மெல்ல மெல்லத் தெற்கே திரும்பும். முனைவை நோக்கிப் போகப் போக நெடுங்கோடுகள் நெருங்குகின்றன என்று சொன்னேனே, நெருங்கி இருக்கும் இடத்திலேயே அவற்றில் பலவற்றைக் கடந்துவிடுவதுதான் லாபம். ஜித்தா நமக்கு அவ்வளவு வடக்கில் இல்லாததால் அந்த லாபம் நமக்குச் சொற்பம்.

தூரம் கிடைத்துவிட்டது. நேரத்துக்கு அதை வேகத்தால் வகுத்தால் போதுமா? போதாது. பெரிய ஜெட் விமானம் மேலே போன பிறகு மணித்தியாலத்துக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். 4,650ஐ 850ஆல் வகுத்தால் ஐந்தரை மணித்தியாலம். ஆனால் விமானம் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், மெல்ல மேலேற வேண்டும், இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்து வரிசையில் நிற்க வேண்டும். இவற்றுக்கு ஓர் அரை மணித்தியாலம் சேர்த்தால் ஆறு. நேர அட்டவணையில் போடுவது நிலையத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து மறு நிலையத்தில் வந்து நிற்கும் வரையான நேரம். அந்த அரை மணித்தியாலம் தூரம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் கிட்டிய ஊர்களுக்குப் பறப்பது, நேரக் கணக்கில் அவ்வளவு இலாபமாக இருப்பதில்லை.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே அழகான உதாரணம் இருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு நேர்த்தூரம் சுமார் 645 கிலோமீட்டர். பலாலியிலிருந்து சென்னைக்கு 355 மட்டுமே. பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. தூரம் பாதிக்குக் கிட்ட என்பதால் நேரமும் பாதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம், ஒன்றேகால் மணித்தியாலமும் சொச்சமும். பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. அங்கே வருவது ஏ.ரி.ஆர். வகையைச் சேர்ந்த விசிறி விமானம். அதன் வேகம் சுமார் 500 கிலோமீட்டர். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம். 645ஐ ஜெட்டின் 830ஆல் வகுத்தால் 47 நிமிடம். இரண்டிலும் அந்த அரை மணித்தியாலத்தைச் சேருங்கள். கணக்குச் சரியாக வந்து நிற்கிறது. என்னோடு படிக்கும் தோட்டத்துத் தோழிகளுக்கு இந்த வழியில் ஒரு தனிப் பிடிப்பு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தே வந்தவர்கள். பிறகு 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும் இரு பக்கமும் புகையிரதமுமாகப் பயணம் அமைந்தது. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. கடலில் முப்பது கிலோமீட்டர் அளவேயான அந்த இடைவெளி, வருடத்துக்கு வருடம் ஒரு பொழுதாகவும் ஒரு தலைமுறையாகவும் மாறி மாறி நீண்டிருக்கிறது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐரோப்பாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசிக்கொண்டிருக்கும். ஜெட் காற்றோட்டம் என்று பாடத்தில் படிக்கிறோமே, அது. லண்டனிலிருந்து இங்கே வரும் விமானத்துக்கு அது முதுகில் தள்ளும். திரும்பிப் போகும்போது முகத்தில் தள்ளும். சராசரியாக மணித்தியாலத்துக்கு 40 கிலோமீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், 8,700 கிலோமீட்டரை 890ஆல் வகுக்க 9 மணித்தியாலம் 46 நிமிடம். 810ஆல் வகுக்க 10 மணித்தியாலம் 44 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், ஒரு மணித்தியால வித்தியாசம். லண்டனில் உறவினர் இருக்கும் வீடுகளில், “வரும்போது சுருக்கா வந்துட்டம், போகும்போதுதான் முடியல்ல” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஊரை விட்டுப் பிரியும் கவலையினால் அப்படித் தோன்றுகிறது என்று உம்மா சொல்வார். கவலையும் இருக்கலாம். காற்றும் இருக்கிறது.

நம் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை இதற்கு நேர்மாறு. தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடும். அந்த மாதங்களில் மேற்கே போகிறவர்களுக்கு அதன் ஓரம் கிடைத்தாலும் உதவிதான்.

இப்போது அந்த மூன்றரை மணித்தியாலக்காரரைப் பார்ப்போம். விமானச் சீட்டில் இருக்கும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். நம் நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். சவூதி அரேபியா மூன்று மணித்தியாலம் முன்னால். ஆகவே நாம் அவர்களை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி இருக்கிறோம். பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு ஆறு மணித்தியாலம் பறந்தால் இறங்கும்போது நம் மணிக்கூட்டில் ஏழு. ஜித்தாவின் சுவரில் நாலரை. சீட்டில் 13.00, 16.30 என்று இருப்பதைக் கழித்துவிட்டு, மூன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று வீட்டார் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அழைப்பு வராது. பயம் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அதே ஆறு மணித்தியாலம் சீட்டில் எட்டரையாகத் தெரியும். இதை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருந்தால் எவ்வளவோ படபடப்புக் குறையும். (நம் நாட்டு நேரமே 1996இலிருந்து 2006 வரை மாற்றி வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். “புது நேரமா, பழைய நேரமா” என்று கேட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனார்களாம்.)

ரமழானில் இந்த இரண்டரை மணித்தியாலம் வெறும் கணக்காக இருக்காது. ஜித்தாவில் வேலை செய்யும் என் சாச்சி ஒரு முறை நோன்போடு பகல் விமானத்தில் போனார். ஊரில் நாங்கள் கஞ்சி குடித்து முடித்துவிட்டோம். அவருக்குச் சூரியன் இன்னும் மறையவில்லை. மேற்கே பறப்பதென்றால் சூரியனைத் துரத்திக்கொண்டு போவது. பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்கிறது. விமானமோ அதே ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஏழு பாகை மேற்கே போய்விடுகிறது. ஆகவே பறக்கிறவருக்குச் சூரியன் பாதிக்குச் சற்றுக் கூடிய வேகத்தில்தான் இறங்கும். மாலைப் பொழுது இழுபட்டுக்கொண்டே போகும். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. அதன் விவரத்தை மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாச்சி நோன்பை விடவில்லை. “அண்டைக்கு எனக்கு ரெண்டரை மணித்தியாலம் ஓவர்டைம்” என்று சிரித்தார்.

மாமியின் முழு நாள் கணக்கு இன்னும் பாக்கி. பகல் ஒரு மணி விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே, பத்து மணிக்கு, கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். ஹாலிஎலயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இடையில் சுபஹுத் தொழுகைக்கும் தேநீருக்கும் நிறுத்துவதோடு எட்டு மணித்தியாலம். வேன் பழுதானால், பெரகலப் பக்கம் மழையில் மண் சரிந்தால் என்று பயந்து இன்னும் இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே கிளம்புவது எங்கள் ஊர் வழக்கம். ஆக முதல் நாள் நள்ளிரவில் வேனில் ஏறுகிறார்கள். விமானத்தில் ஆறு. ஜித்தாவில் குடிவரவு, பொதிகள், பிறகு மக்காவுக்கு எண்பது கிலோமீட்டர் அளவான நெடுஞ்சாலை. கூட்டிப் பாருங்கள். இருபத்து நாலு மணித்தியாலத்துக்கு முட்டிவிடும். அதில் 4,650 கிலோமீட்டர் கடலையும் பாலைவனத்தையும் கடக்க எடுத்தது ஆறு. ஊரிலிருந்து விமான நிலையம் போக எடுத்தது எட்டு. காகக் கணக்கில் எங்களுக்குக் கிட்டிய சர்வதேச விமான நிலையம் கட்டுநாயக்க அல்ல. 2013இல் திறக்கப்பட்ட மத்தளதான், பதுளைக்குத் தெற்கே எண்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் நாம் ஏற வேண்டிய விமானம் அங்கிருந்து புறப்படாதபோது கிட்ட இருந்து என்ன பயன்?

இந்தக் கணக்குகளை விமானப் பயணத்தோடு நிறுத்தியிருப்பேன். எங்கள் வீட்டுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் வந்ததால் தொடர வேண்டியதாயிற்று. என் மூத்த சகோதரிக்குப் பரீட்சைப் பெறுபேறு நன்றாக வந்திருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தை எந்த வரிசையில் எழுதுவது என்று இரண்டு வாரம் வீட்டில் பேச்சு. வாப்பா ஒவ்வொன்றுக்கும் “தூரம்” என்றார். சாச்சி ஜித்தாவுக்குப் போய் வருவதைத் தூரம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பேராதனை தூரம் என்றார்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டேன். பேராதனை எங்களுக்குக் காகத்தின் கணக்கில் 58 கிலோமீட்டர். வெறும் ஐம்பத்தெட்டு! புகையிரதத்தில் அது சுமார் 175, பட்டிப்பொல உச்சி வரை ஏறி மறு பக்கம் இறங்க வேண்டும். பஸ்ஸில் வெலிமடை, நுவரெலியா வழியாக 130 அளவு. எங்கள் சந்தியில்தான் பெரகலயிலிருந்து வரும் ஏ-16 பாதை, பேராதனையிலிருந்து வரும் ஏ-5 பாதையோடு சேர்கிறது. அந்த ஏ-5 அப்படியே பதுளை, பிபிலை என்று இறங்கி மட்டக்களப்புக் கரையில் செங்கலடிக்குப் போகிறது. கிழக்கே ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நேர்த்தூரத்தில் சுமார் 95 கிலோமீட்டர். புகையிரதம் இல்லை, ஆனால் பிபிலையைத் தாண்டினால் பெரும்பாலும் சமதரை. யாழ்ப்பாணத்துக்கு வடக்குத் தெற்காக 296, கிழக்கு மேற்காக 114, ஆக நேர்த்தூரம் 317 கிலோமீட்டர். புகையிரதத்தில் போனால் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும், கூட்டுத் தொகை 540 அளவில் வரும்.

லண்டனிலிருந்து பாரிஸ் நகருக்கு நேர்த்தூரம் சுமார் 344 கிலோமீட்டர். பதுளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் உள்ளதை விடக் கொஞ்சம் கூட. அங்கே 1994இலிருந்து கடலுக்கடியில் சுரங்கம் வழியாகப் புகையிரதம் ஓடுகிறது. இன்று இரண்டே கால் மணித்தியாலம் அளவில் நகர மத்தியிலிருந்து நகர மத்திக்குப் போய்விடலாம். விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம்தான் என்றாலும், நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் புகையிரதம்தான் முந்தும். இரண்டு நாடுகள், நடுவில் கடல். ஒரே நாட்டுக்குள் அதைவிடக் குறைந்த தூரத்துக்கு நாம் ஒரு பகலும் ஓர் இரவின் பகுதியும் கொடுக்கிறோம்.

தாளை வாப்பாவிடம் காட்டினேன். அவர் கிலோமீட்டர்களைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில், “நடுவில எத்தன தரம் எறங்கி ஏறணும்? அது எத்தன மணிக்கு?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் தூரம் என்று சொன்னது எதை என்று. மகள் இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஒரு நிலையத்தில் பையோடு நிற்கும் அந்த இடைவெளிக்குத்தான் அவர் தூரம் என்று பெயர் வைத்திருந்தார். அதற்கு அகலக்கோடும் நெடுங்கோடும் இல்லை. சாச்சிக்கு வீட்டு வாசலில் வேன் வந்தது, விமான நிலையத்தில் உள்ளே போகும் வரை நானா கூடவே நின்றார், ஜித்தாவில் இறங்கிய இடத்தில் வேலை வீட்டார் காத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் ஜித்தா கிட்டத்தான்.

ஆகவே தாளில் இரண்டு நிரல்களைக் கூட்டினேன். ஒன்றில் மாறும் இடம், மற்றதில் மாறும் நேரம். பேராதனைக்கு விடியற்காலையில் பதுளையிலிருந்து வெளிக்கிடும் புகையிரதத்தில் ஏறினால் மாறவே தேவையில்லை. பேராதனைச் சந்தி நிலையத்தில் பட்டப்பகலில் இறங்கலாம். ஒலுவிலுக்கு ஒரு மாற்றம், அதுவும் பகலில் முடித்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஓரிடத்தில் இருட்டிவிடுகிறது. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு நிரல்களையும் மட்டும் மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார். பிறகு தாத்தாவைக் கூப்பிட்டு, பேராதனையை முதலாவதாக எழுதச் சொன்னார். ஒலுவில் இரண்டாவது. யாழ்ப்பாணத்தையும் எழுதட்டுமா என்று தாத்தா கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எழுது, கிடைச்சா முதல் தரம் நான் கூட வாறேன்” என்றார்.